வேணக்கா

லீமா தகரப் பெட்டியைத் திறந்தது ஒரு புகைப்படம் எடுப்பதற்காக. படம் இருந்தது. சட்டைதான் இல்லை.

மகன் ரிஜோ கடலோடு போய் ஓர் ஆண்டு ஆகப்போகிறது. ஆண்டுத் திருப்பலி அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கோவில் பலகையில் ஒட்டுவதற்குப் பிள்ளையின் படம் ஒன்று வேண்டும் என்று உபதேசியார் ஞானதாசன் வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் அன்று காலை, மீன் எடுக்கப் புறப்படும் முன், கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்த பெட்டியை அவள் இழுத்தாள். மூடிய நாளிலிருந்து அவள் அதைத் திறந்ததில்லை. ஆனால் மூடியின் மேலிருந்த தூசியில் சின்ன விரல்களின் தடம் கிடந்தது.

நெஞ்சில் கப்பல் படம் போட்ட மஞ்சள் சட்டையை மேலேயே மடித்து வைத்திருந்தாள். அது இல்லை. அதோடு இருந்த நிக்கரும் இல்லை. சாவி கொடுத்தால் பக்கவாட்டில் ஓடும் நண்டு பொம்மையும் இல்லை. ஞானஸ்நான மெழுகுதிரியும் புகைப்படமும் மட்டும் அடியில் கிடந்தன.

ஒன்பது வயது மகள் அஜிஷாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அஜிஷா வாசலில் நின்றபடியே தெரியாது என்று தலையை அசைத்தாள். அந்தப் பிள்ளை பொய் சொல்லி லீமா பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். ஆனால் மேலே கேட்க நாக்கு எழவில்லை. கேட்க வேண்டுமானால் ரிஜோ என்ற பெயரைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

சென்ற மே மாதம் அது நடந்தது. காற்று இல்லை, மழை இல்லை, கடல் குளத்தைப் போலக் கிடந்தது. இந்தக் கரையில் அப்படிப்பட்ட நாளில்தான் கள்ளக்கடல் வரும். எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலை, சொல்லாமல் கொள்ளாமல் திருடனைப் போலக் கரையேறி, அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போய்விடும். கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகக் கல்லைக் கொட்டி அணை போட்டிருக்கிறார்கள், தூண்டில் வளைவு என்பார்கள். அதன் ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்த நான்கு வயதுப் பிள்ளையை அன்று அந்த அலை எடுத்துக்கொண்டது. சற்றுத் தள்ளிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த அஜிஷா திரும்பிப் பார்த்தபோது அங்கே ஈர மணல் மட்டும் இருந்தது. வள்ளங்கள் தேடின. உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கென்று ஒரு சிலுவை இருக்கிறது. அதன் அடியில் ஒன்றும் இல்லை.

பெரியவர்கள் கூடி, நல்ல எண்ணத்தோடு, ஒரு முடிவு செய்தார்கள். பெண்பிள்ளை பயந்துபோயிருக்கிறாள், அவள் முன்னால் அவனைப் பற்றிப் பேச வேண்டாம். படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். மாலை ஜெபமாலையின் முடிவில் மரித்தவர்களுக்காக வேண்டும்போதுகூட லீமா பெயர் சொல்லாமல் 'எங்கள் குடும்பத்தில் மரித்த ஆன்மாக்கள்' என்று மட்டும் சொன்னாள். அஜிஷாவும் ஒன்றும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள், அதுவும் நல்லதுதான் என்று எல்லாரும் ஆறுதல்பட்டார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் எல்லாக் கதவையும் சாத்திவிட்டால் உள்ளே இருக்கும் பிள்ளை எதன் வழியாக வெளியே பார்க்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அவள் பார்ப்பதற்கு ஒன்று தகப்பன் கையில் வந்தது.

பிரைட்டன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவன். கிறிஸ்மசுக்கு வந்தபோது ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தான். கூட வேலை செய்யும் பெரு நாட்டுக்காரன் ஒருவன், வீட்டில் பிள்ளை இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அன்பாக ஏற்றிக் கொடுத்தது. ஸ்பானிஷ் மொழியில் ஒரு கார்ட்டூன் தொடர். தலைப்பின் தொடக்கத்தில் கேள்விக்குறி தலைகீழாக நின்றது. வவ்வாலு தொங்குது பாரு என்று பிரைட்டன் அதை மகளுக்குக் காட்டிச் சிரித்தான். அவன் அதைப் பார்க்கவில்லை, லீமாவும் பார்க்கவில்லை. பொம்மைப் படம்தானே என்றார்கள். பொம்மைப் படம் என்றால் பிள்ளைகளுக்கு என்றுதான் அந்தத் தெருவில் யாரும் நினைப்பார்கள்.

பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து, லீமா இரணியல் பக்கம் மீன் விற்கப் போகும் நேரத்தில், அஜிஷா டிவியில் அதைப் போட்டுப் பார்த்தாள். பாஷை தெரியாமல் என்னத்தப் பாக்கா என்று பக்கத்து வீட்டு அல்போன்ஸ் கேலி செய்தார். லீமாவுக்கோ நிம்மதி. பிள்ளை வெயிலில் அலைவதில்லை. நன்றாகச் சாப்பிடவும் தொடங்கிவிட்டாள். டப்பாவில் பிஸ்கட் போட்டால் தீர்ந்துபோகிறது, பழம் வாங்கினால் தீர்ந்துபோகிறது, பன் மாலைவரை நிற்பதில்லை. லீமா மாதாவுக்கு நன்றி சொன்னாள். பிறகு ஒரு சின்னத் தலையணை காணாமல் போயிற்று, ஒரு போர்வை காணாமல் போயிற்று. கொடியிலிருந்து காற்று கொண்டுபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது சட்டை. பெட்டிக்குள் காற்று வராது.

அதையே நினைத்துக்கொண்டு அவள் கரைக்குப் போனபோது ஏலக்கூடம் வெறுமையாக இருந்தது. கள்ளக்கடல் வரக்கூடும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம், கரைப்பக்கமும் நிற்க வேண்டாம் என்று கோவில் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். வள்ளங்களை மேட்டுக்கு ஏற்றியிருந்தார்கள். லீமா மீன் சுமக்கும் காலி அலுமினியச் சருவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும் முன்பே வீடு திரும்பினாள்.

ஜன்னலருகே வந்தபோது உள்ளே பேச்சுக் கேட்டது. அஜிஷா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"சட்டயும் தந்தாச்சு. நண்டும் தந்தாச்சு. இனி என்னத்தலே வேணும்?"

ஒரு சின்னப் பையனின் குரல் பதில் சொன்னது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதைப் போல நனைந்த குரல், கெஞ்சுகிற குரல்.

"வேணக்கா..."

லீமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முதல் எழுத்து வகரமா பகரமா என்று தெரியாமல் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. 'வேணும் அக்கா' என்பதில் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்லும் நான்கு வயது வாய். அக்கா மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அக்காதான். பகல் வெளிச்சத்தில், தெருவில், கோவில் ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவளை அறியாமல் அவள் வாய் "மக்கா" என்று மகனை அழைத்தது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது.

உள்ளே ஓடினாள். டிவியில் சாம்பல் நிறக் கடல். பனி மூடிய ஒரு கரை. வரைந்த படம்தான், ஆனால் அப்படி ஒரு முகத்தைப் பிள்ளைகளுக்காக யாரும் வரைய மாட்டார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பையன் நின்றான். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். அவன் கையை நீட்டிக்கொண்டிருந்தான். லீமா சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினாள்.

"அணைக்காதிய அம்மா. அவன் இன்னும் கேட்டு முடிக்கல்ல."

"யாரு?"

அஜிஷா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். சொல்லலாமா என்று அனுமதி கேட்பதைப் போல இருந்தது. பிறகு சொன்னாள்.

"ரிஜோ."

அஜிஷா மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் படத்தில் வரும் ஊரிலும் ஒரு பையன் கடலில் போய்விட்டானாம். அங்கேயும் பெரியவர்கள் யாரும் அவனைப் பற்றிப் பேசுவதில்லையாம், பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். பிள்ளைகளுக்கு மட்டும் அவன் குரல் கேட்கிறது. அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பசிக்கும் என்று அவள் பன் கொண்டுபோய்த் தூண்டில் வளைவின் முனையில் நின்று கடலில் போட்டாள். குளிரும் என்று போர்வை போட்டாள். ஒன்றும் திரும்பிக் கரைக்கு வரவில்லை. அதனால் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனாலும் அடுத்த நாள் மறுபடி கேட்கிறான். இதைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் பெருமையோடு, "இப்போ அக்கான்னு விளிக்கான் அம்மா" என்றாள்.

அப்போது லீமா செய்திருக்க வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மகளின் அருகில் உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் அவள் பயந்துவிட்டாள். இது பிசாசுப் படம், இனி இதைப் பார்க்கவும் கூடாது, அவன் பேச்சை எடுக்கவும் கூடாது என்று குரலை உயர்த்தினாள். கையில் ஜெபமாலையைக் கொடுத்துப் பின்கட்டு அறையில் இருத்தினாள். அஜிஷா மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தாள்.

பிரைட்டனிடம் கேட்க வேண்டும். கப்பல் ஸ்பெயின் நாட்டில் ஒரு துறைமுகத்தில் கிடந்தது, அங்கே அப்போது விடியற்காலை. என்ன எழவைப் பிள்ளைக்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால் புரியாது, அந்தக் குரலை அனுப்பினால் புரியும். லீமா டிவியை மறுபடி போட்டு, படத்தைப் பின்னோக்கி ஓட்டி, போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தாள். வேணக்கா. ஒலிபெருக்கிச் சத்தம் சேர்ந்துவிட்டது. திரும்ப ஓட்டினாள். வேணக்கா. காகம் கத்தியது. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு இன்னொரு முறை ஓட்டினாள். வேணக்கா. இந்த முறை சரியாகப் பதிந்தது. அனுப்பினாள்.

பதிலுக்குச் செய்தி வரவில்லை. அழைப்பே வந்தது.

இது எங்கிருந்து வருகிறது என்று பிரைட்டன் கேட்டான். நீங்கள் கொண்டுவந்த பொம்மைப் படத்திலிருந்துதான் என்றாள். பிள்ளை இதைத் தம்பியின் குரல் என்று நினைத்துக்கொண்டு, வேணும் அக்கா என்று கேட்கிறான் என்று, வீட்டுப் பொருளையெல்லாம் கொண்டுபோய்க் கடலில் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றாள்.

"லீமா, அது வேணும் இல்ல. அக்காவும் இல்ல. இஞ்ச எங்க மேஸ்திரி நாள் முழுக்க என்னைய விளிக்கது அந்த வார்த்தையிலதான். ஸ்பானிஷ்ல இங்க வான்னு அர்த்தம்."

பிறகு அவனே கேட்டான்.

"பிள்ள எங்க?"

லீமா திரும்பினாள். பின்கட்டில் பாய் மேல் ஜெபமாலை கிடந்தது. பின்வாசல் திறந்திருந்தது.

ஓடும்போதுதான் அது அவள் தலையில் இடியாக இறங்கியது. அறைக்குள் இருந்த பிள்ளைக்கு அந்தக் குரல் கேட்டிருக்கும். அம்மா டிவியை அணைத்த பிறகும் அவன் விடாமல் கேட்கிறான் என்று நினைத்திருப்பாள். இங்க வா, இங்க வா, இங்க வா. சத்தத்தைக் கூட்டி வைத்து, தன் கையாலேயே மகளைக் கடலுக்கு அழைத்திருக்கிறாள். சேலை காலில் தட்டியது. போன் கையிலேயே இருந்தது, அதற்குள்ளிருந்து பிரைட்டன் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவளுக்கு வேறு ஜெபம் வரவில்லை. மாதாவே, பிள்ளை, மாதாவே, பிள்ளை என்று மட்டும் வந்தது.

கரையில் யாரும் இல்லை. கடல் கண்ணாடியைப் போல மினுங்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. சென்ற ஆண்டும் அப்படித்தான் கிடந்தது.

தூண்டில் வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய குடை விரித்திருந்தது. அதன் கீழே நாகம்மை உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் அஜிஷா, கையில் ஒரு துண்டு மரச்சீனிக்கிழங்கோடு, விருப்பமில்லாமல் மென்றுகொண்டிருந்தாள். நாகம்மையின் ஒரு கை கிழங்குப் பானையின் மேல் இருந்தது. மறு கை அஜிஷாவின் பாவாடை ஓரத்தைச் சுருட்டி, நரம்பு புடைக்கப் பிடித்திருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் அவள் கிழங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

நாகம்மை மண்டைக்காட்டையும் தாண்டி உள்நாட்டில் இருக்கும் ஊரிலிருந்து அவித்த கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து கரையில் விற்கிறவள். நெற்றியில் தீபச் சுடரைப் போல வெள்ளை நாமம். யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதில் 'அய்யா உண்டு' என்பாள். நடந்ததை அவள் பிறகுதான் சொன்னாள். இந்தப் பிள்ளை தினமும் எதையாவது கொண்டுவந்து கடலில் போடுவதை அவள் பார்த்திருக்கிறாள், விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். ஒருநாள் அலை தெறித்துப் பிள்ளை தொப்பலாக நனைந்துவிட்டது. நாகம்மை தன் துவர்த்தை எடுத்துத் தலையைத் துவட்டி, அதையே தோளில் போர்த்தி, நாளைக்குத் தந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

இன்று அறிவிப்பைக் கேட்டுக் கரை காலியானபோது அவளும் பானையைத் தலையில் ஏற்றிவிட்டாள். ஏற்றிய பிறகு இறக்கினாள். அந்தப் பிள்ளை இந்த நேரத்துக்கு வருமே, வந்தால் போகாதே என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா என்று தோன்றியதாம்.

சற்று நேரத்தில் அஜிஷா ஓடி வந்திருக்கிறாள். குடையைத் தாண்டிக் கல்லின் மேல் ஏறினாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி இறங்கி வந்தாள். அவள் கக்கத்தில் அந்தத் துவர்த்து இருந்தது, துவைத்து மடித்தது. பிறர் பொருளை வைத்துக்கொண்டு எங்கும் போகக் கூடாது என்பது லீமா சொல்லி வளர்த்தது. அதை நாகம்மையின் மடியில் வைத்துவிட்டு, நான் இனி வரமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டால் பிள்ளை ஓடிவிடும். அதனால் நாகம்மை கேட்கவில்லை. செரி மக்கா, போவலாம், கிழங்கு ஆறிப்போவும், இத ஒண்ணு தின்னுட்டுப் போ என்று பாவாடை ஓரத்தைப் பிடித்து உட்காரவைத்தாள்.

லீமா மணலில் முழங்கால் ஊன்றி மகளின் இரண்டு தோள்களையும் பிடித்தாள்.

"எங்கட்டி போற?"

அஜிஷா கிழங்கை விழுங்கிவிட்டு, வீட்டுப்பாடத்தை முடித்துவிட்ட பிள்ளையின் முகத்தோடு சொன்னாள்.

"எல்லாம் குடுத்தாச்சும்மா. அவன் இன்னும் கேக்கான். நான்தான் பாக்கி."

நாகம்மை கையைத் தலையில் வைத்தாள். அந்த நேரத்தில்தான் கடல் எழுந்தது. இரைச்சல் இல்லை, நுரை இல்லை. தூண்டில் வளைவின் முனையில் தண்ணீர் ஒரு முதுகைப் போல உயர்ந்தது. அஜிஷா வழக்கமாக நிற்கும் கல் மறைந்தது, அதற்கு அடுத்த கல் மறைந்தது, பிறகு கல்லே தெரியவில்லை. நாகம்மை பிள்ளையைத் தூக்கிக்கொள்ள, லீமா இருவரையும் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினாள். தண்ணீர் முழங்காலைச் சுற்றி வளைத்து, ஒரு முறை இழுத்துப் பார்த்து, விட்டுவிட்டது. மேட்டில் சிலுவை நாட்டிய குருசடியின் படியில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது குடையும் இல்லை, பானையும் இல்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஈர மணல் மட்டும் இருந்தது.

அஜிஷாவின் உடம்பு இப்போதுதான் நடுங்கத் தொடங்கியது. நாகம்மை தன் தோளில் கிடந்த துவர்த்தைப் பிரித்து அவளைப் போர்த்தினாள்.

போனில் பிரைட்டன் அழுதுகொண்டிருந்தான். லீமா வீடியோவைப் போட்டு அவனுக்கு மகளைக் காட்டினாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வார்த்தையை அவர்கள் சொல்வதைப் போலவே சொல்லிக் காட்டினான். தன்னை வேலைக்குக் கூப்பிடுவது, சாப்பிடக் கூப்பிடுவது எல்லாம் அதே வார்த்தைதான் என்று விளக்கினான். அது ஒரு படம், அந்தப் பையன் வரைந்த பையன், அவன் அந்த ஊர்ப் பாஷையில் யாரையோ வா என்கிறான், உன்னை இல்லை என்றான். அப்பா பார்க்காமல் கொண்டுவந்தது தப்பு என்றான்.

அஜிஷா கவனமாகக் கேட்டாள். பயம் தெளிந்துவிடும் என்று மூவரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உதடு மெதுவாக வளைந்தது.

"அப்போ அவன் என்னைய அக்கான்னு விளிக்கல்லியா?"

இத்தனை நாளாக இந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது லீமாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிசாசை அல்ல. ஒரே ஒரு வார்த்தையை. இப்போது அதையும் பெரியவர்கள் பிடுங்கிவிட்டார்கள். விளித்தான் என்று ஒரு பொய் சொன்னால் பிள்ளையின் முகம் தெளிந்துவிடும். ஆனால் அந்தப் பொய் நாளைக்கு மறுபடி அவளைக் கல்லின் முனைக்கு அழைத்துப் போகும்.

லீமா படியில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். ஓர் ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெயரைத் தன் வாயால் சொன்னாள்.

"அது ரிஜோ இல்ல மக்கா. நீயே யோசிச்சுப் பாரு. ரிஜோ ஒன்னைய என்னைக்காவது அக்கான்னு விளிச்சிருக்கானா?"

அஜிஷா யோசித்தாள். இல்லை என்று தலை அசைந்தது.

வீட்டில் எல்லாரும் அவளை, அடி என்பதைப் போல, ஏட்டி என்று கூப்பிடுவார்கள். பேசப் பழகியதும் அவனும் அதையே பிடித்துக்கொண்டான். ஏட்டி வா, ஏட்டி தா. அக்கான்னு விளிலே என்று லீமா அதட்டினாள், உபதேசியார் மிட்டாய் காட்டினார், அல்போன்ஸ் காதைத் திருகுவதாகப் பயமுறுத்தினார். மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அக்காளைப் பார்த்து, நல்லா இருக்கு ஏட்டி என்றவன் அவன்.

"அங்க போயிப் படிச்சிருப்பான்னு நெனச்சேன்" என்றாள் அஜிஷா.

"அவனா? படிக்கவா?" என்றாள் லீமா. சொன்ன பிறகுதான் தன் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது அவளுக்கே தெரிந்தது. திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

போனில் பிரைட்டன், ஒரு நிமிஷம் என்றான். ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. அது பழையது. போன முறை அவன் கடலில் இருந்தபோது வீட்டிலிருந்து போனது. இதுநாள்வரை அழிக்கவில்லை என்று பிரைட்டன் தரையைப் பார்த்தபடி சொன்னான். கப்பலில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பானாம். லீமா கேட்டால் தாங்கமாட்டாள் என்று சொல்லவில்லையாம். லீமா அவனையே பார்த்தாள். அவளும் அப்படித்தான் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள்.

அவள் அதைத் தொட்டாள். தட்டுமுட்டுச் சத்தம், யாரோ யாரையோ தள்ளும் சத்தம். பிறகு ஒரு குரல். தண்ணீருக்கு அடியிலிருந்து வரும் குரல் இல்லை. மூக்கடைத்த, பிடிவாதமான, உயிருள்ள குரல்.

"ஏட்டி, போனத் தா. நான் அப்பாட்ட பேசணும்."

"அக்கான்னு விளி, தாறேன்." அது அஜிஷாவின் குரல், சின்னதாக.

கொஞ்சம் இடைவெளி. அவன் யோசிப்பது கேட்டது.

"ஏட்டி" என்றான். அதற்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள், செய்தி முடிந்துவிட்டது.

முதலில் சிரித்தது அஜிஷாதான். சிரித்துக்கொண்டே இருந்தவள், எங்கே என்று தெரியாமல் ஓர் இடத்தில், அழத் தொடங்கினாள். ஓர் ஆண்டாக அழாத பிள்ளை. நாகம்மை, அழட்டும் பிள்ளே, தடுக்காத என்று லீமாவிடம் சொல்லிவிட்டுக் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னொருக்கப் போடுங்க அம்மா" என்றாள் அஜிஷா. லீமா போட்டாள். அவள் கேட்கும்போதெல்லாம் போட்டாள்.

திரும்பும் வழியில் நாகம்மையை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். பானை போய்விட்டதே, நாளைக்குக் கிழங்கை எதில் கொண்டுவருவாய் என்று தன் அலுமினியச் சருவத்தைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள். மீன் வாடை போவாது அக்கா, பொறுத்துக்க என்றாள். எனக்க கிழங்குக்கு ஒரு ருசி கூடுதல் ஆச்சு என்று நாகம்மை அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

புகைப்படத்தை உபதேசியார் வந்து வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தார். லீமா அதைப் பெட்டியில் வைக்கவில்லை. மாதா படத்துக்குப் பக்கத்தில் பழைய ஆணி அப்படியே இருந்தது.

மாலையில் ஜெபமாலை முடிந்து மரித்தவர்களுக்காக வேண்டும் இடம் வந்தது.

"எங்கள் மகன் ரிஜோவுக்காக" என்றாள் லீமா.

அஜிஷா கைகூப்பியபடி படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "ஏட்டியும் ஒனக்காக வேண்டிக்கிடுதா" என்றாள்.